விசைப்பலகையிலிருந்தே ஹெட்போனின் இரைச்சல் நீக்கத்தை மாற்ற வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். உபுண்டு இயங்குதளம் உள்ள கணினியில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. ஹெட்போன் போஸ் க்யூசி35, இரண்டாம் பதிப்பு. மின்விசிறி, ஜெனரேட்டர் போன்ற ஓயாத தாழ்ந்த ஒலிகளை அருமையாக அடக்கிவிடுகிறது. மனிதக் குரலை அவ்வளவாக அடக்காது என்பார்கள். ஆனால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் அம்மாவின் குரல் மிகவும் மெலிந்தது. அவர் கூப்பிட்டால் என் காதில் விழுந்தே ஆக வேண்டும்.

இடது பக்கப் பொத்தானை அழுத்தினால் அதிகம், குறைவு, நிறுத்தம் என்று நிலைகள் மாறுகின்றன. தட்டச்சின் நடுவே அடிக்கடி கையை எடுப்பதுதான் சிரமம்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பேஸ்டு கனெக்ட் (based-connect) என்ற திறமூல நிரல் இருக்கிறது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஒரு கட்டளை கொடுத்தால் புளூடூத் வழியே நிலையை மாற்றிவிடும். அதை உபுண்டு அமைப்புகளில் குறுக்கு விசையாகவும் வைக்கலாம். ஆனால் நிலைக்கு ஒரு விசை என்று மூன்று விசைகள் எனக்கு வேண்டாம். ஒருமுறை தட்டினால் நிறுத்தம், மறுபடி தட்டினால் அதிகம் என்று ஒரே விசை போதும். இப்போதைய நிலையைப் படித்து எதிர்நிலைக்கு மாற்றும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தொகுத்த சிறு நிரல்) யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். கட்டளை ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பைத் திறக்கிறது. பின்னணியில் இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால் இன்னும் விரைவாக மாறுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேறு ஹெட்போன் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.