“கூகுளில் பார்த்துதான் வந்தேன் தம்பி”: வக்கீல் ஆபீஸ் அனுபவங்கள்

மூணாம் வருஷ ஜூனியர்

சீனியரை விட்டுத் தனியாக உட்கார்ந்த புதிது. வக்கீல்களைப் பட்டியல் போடும் ஒரு தளத்திலிருந்து போன் வந்தது. மாதாமாதம் பணம் கட்டினால் கட்சிக்காரர்களை அனுப்புவோம் என்றார்கள். கட்டினேன். வக்கீல் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்கிற பார் கவுன்சில் விதி 36 தெரியாதா என்று கேட்காதீர்கள், தெரியும். ஆபீஸ் வாடகையும் தெரியும்.

இரண்டாவது மாதம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒன்பது வருஷமாக இழுக்கும் பாகப்பிரிவினை வழக்கு, வக்கீலை மாற்ற வேண்டுமாம். உட்கார்ந்ததும் போனை மேசைமேல் வைத்து, என் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். கீழே ‘1,200 வழக்குகளுக்கு மேல், 4.8 நட்சத்திரம்’. “கூகுளில் பார்த்துதான் வந்தேன் தம்பி. இது நீங்கதானே? சின்ன வயசா இருக்கீங்களே” என்றார். அன்றைக்கு என் கையில் இருந்த வக்காலத்து மொத்தம் 11. அந்த எண்ணை நான் எழுதவில்லை, தளத்துக்காரர்கள் போட்டது. ஆனால் “நான்தாம்மா” என்று மட்டும் சொல்லி அட்வான்ஸை வாங்கிக்கொண்டேன்.

2024 ஜூலையில், இப்படி ஆள் பிடிக்கும் வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் பெயரை எடுத்துவிட்டேன். வழக்கு இன்னும் என்னிடம்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மா பக்கத்தில் நிற்பவர்களிடம் “ஆயிரத்து இருநூறு கேஸ் பார்த்த தம்பி” என்கிறார்.

சேலத்துக்காரன்

தம்பி, தளத்துக்காரன் போட்டான் என்பதெல்லாம் பார் கவுன்சிலில் எடுபடாது. நேராகப் பிடித்தாலும் ஆள் வைத்துப் பிடித்தாலும் ஒன்றுதான் என்கிறது விதி. என் கதை சின்னது. நான் என்ரோல் ஆன வாரம் மாமா பஸ் ஸ்டாண்டு எதிரே பத்தடி பிளெக்ஸ் வைத்தார், கவுன் போட்ட படத்தோடு. சீனியர் ராத்திரியோடு ராத்திரியாக என்னையே ஏணியில் ஏற்றிக் கழற்ற வைத்தார். அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. சொந்தமாக ஒரு வெப்சைட் வையுங்கள். 2008இலேயே அதற்கு வழி விட்டுவிட்டார்கள். பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், என்ரோல்மென்ட் எண், தேதி, எந்த பார் கவுன்சில், படிப்பு, எந்த வகை வழக்கு பார்ப்பீர்கள், இவ்வளவு போடலாம். போட்டது உண்மை என்று உறுதிமொழியும் வேண்டும். ‘முன்னணி வழக்கறிஞர்’ என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். கட்சிக்காரர் பாராட்டி அனுப்பிய வாட்ஸ்அப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவதும் வேண்டாம், என்னைக் கேட்டால் ஜாமீன் கிடைத்த அன்று கோர்ட் வாசலில் செல்ஃபியும் வேண்டாம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று மக்களுக்குப் புரிகிற மாதிரி கட்டுரை எழுதுங்கள், கடைசியில் போன் நம்பர் போடாமல். தேடி வருவார்கள். எனக்கு வந்தார்கள்.

மூணாம் வருஷ ஜூனியர்

அண்ணா, வெப்சைட் பற்றி நான் கேட்கவே இல்லையே. அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒத்தக்கடை டீ

விளம்பரம் கிடக்கட்டும். போன வருஷம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு இரண்டாம் மேல்முறையீடு. ஒத்தி மீட்பு சம்பந்தமாக நாலு தீர்ப்பு எடுத்து வைக்கச் சொன்னார் சீனியர். மூன்று கிடைத்தன. இரவு 1 மணிக்கு நாலாவதை ஏஐயிடம் கேட்டேன். கட்சிக்காரர் பெயர், தொகுதி, பக்கம், தீர்ப்பிலிருந்து இரண்டு வரி என்று எல்லாமே கொடுத்தது. அப்படியே நம் கட்சிக்காரருக்காகவே எழுதிய மாதிரி வரிகள். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நீதிபதி அந்தத் தீர்ப்புத் தொகுதிப் புத்தகத்தைக் கேட்டார். எடுத்து வந்து பிரித்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ மோட்டார் விபத்து நஷ்டஈடு. அவர் ஒன்றும் பேசவில்லை, புத்தகத்தை அப்படியே சீனியர் பக்கம் திருப்பினார். சீனியர் கண்ணாடியைப் போட்டு, பக்கம் முழுவதையும் நிதானமாகப் படித்தார். “தவறு என்னுடையது. மற்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்றார். பின்னால் நின்ற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரில் மாட்டுத்தாவணி தாண்டும்வரை பேச்சே இல்லை. அப்புறம் “சாப்பிட்டியா?” என்றார்.

2023இல் நியூயார்க்கில் விமான நிறுவன வழக்கு ஒன்றில் இதே மாதிரி ஏஐ இட்டுக்கட்டிய தீர்ப்புகளைக் கொடுத்தவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்களே, அந்தச் செய்தியை எங்கள் பேட்ச் குரூப்பில் போட்டுச் சிரித்தவனே நான்தான்.

குமாஸ்தா 26 வருஷம்

மேலே எழுதிய தம்பி கொடுத்து வைத்தவர். என் கதை வேறு.

முன்சீப் கோர்ட் தீர்ப்புமேல் அப்பீல், 30 நாள் கெடு, கடைசி நாள். கட்டு எல்லாம் ஸ்கேன் பண்ணி கோர்ட்டின் இ-ஃபைலிங் தளத்தில் ஏற்றிவிட்டேன். கையெழுத்துக்கு ஆதார் ஓடிபி வர வேண்டும், அது சார் போனுக்குத்தான் வரும். சார் ஒரு ரிசப்ஷனில் இருந்தார், போன் சைலண்டில். 17 தடவை அடித்தேன். 11.50க்கு எடுத்து “என்னய்யா?” என்றார். ஓடிபி சொல்வதற்குள் நேரம் முடிந்து, மறுபடி அனுப்பச் சொன்னால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி 12 தாண்டிவிட்டது.

மறுநாள் ஒரு நாள் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு. காரணம் என்ன போடுவது? எல்லா ஆபீசிலும் போடுவதுதான்: ‘வழக்கறிஞர் குமாஸ்தாவின் கவனக்குறைவால்’. சார் சொல்லச் சொல்ல அந்த வரியை டைப் அடித்தது நான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தும் பார்த்தேன். மனு அலவ் ஆகிவிட்டது. எதிர்க்கட்சி குமாஸ்தா என் தோளைத் தட்டி “என்னண்ணே, வயசாயிடுச்சா?” என்றான்.

சேலத்துக்காரன்

அண்ணே, ஓடிபியை நம்பி இருக்காதீங்க. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்க உங்க சாரை. யூஎஸ்பியில் செருகினால் போதும், அவரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் பின் நம்பரை அவர் மட்டும்தான் வைத்திருக்க வேண்டும், அது முக்கியம்.

குமாஸ்தா 26 வருஷம்

போன மாசமே வாங்கிட்டார் தம்பி. டோக்கனும் பின் நம்பரும் என்கிட்டதான் இருக்கு.