ஒரே சபை என்பதற்காக ஜாமீன் கையெழுத்து போடலாமா?

பாலாற்றங்கரை (ஆம்பூர்) | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மனசு சரியில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் சபைக்காரன் ஒருவன் என்னைக் கோயில் வளாகத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனான். ஷூ அப்பர் தைக்கும் ஜாப் வேலைக்கு மிஷின் வாங்க 3 லட்சம் கடன் கேட்டிருக்கிறானாம், ஜாமீனுக்கு ஆள் வேண்டுமாம். "நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஞானோபதேசம் (சபையின் கேள்வி-பதில் பாடம்) ஒப்பித்தவர்கள். உன்னை விட்டால் யாரிடம் போவேன்?" என்றான். தாள்களை பைக் சீட்டின் மேல் விரித்தான். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டேன். ஏழு இடம். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பதினான்கு தவணை கட்டினான். அப்புறம் நிறுத்திவிட்டான். இப்போது நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்திருக்கிறது, வட்டியோடு 2,10,000. அவனைக் கேட்டால் "அடுத்த மாதம்" என்கிறான், எட்டு மாதமாக. ஆனால் கோயிலுக்கு ஒரு வாரம் தவறுவதில்லை. இன்று திருவிருந்துக்கு முழங்கால் போட்டபோது எனக்குப் பக்கத்தில் அவன்தான். அப்பத்துக்கு நீட்டிய என் கை நடுங்கியது.

வழக்கு போடலாம் என்கிறான் தம்பி. சபையில் பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். அம்மா எட்டாம் கட்டளையை (பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே) சொல்லி வாயை மூடச் சொல்கிறாள். லுத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழிச் சபைக்காரன்) என்பதற்காக ஒருவனை நம்பியது தப்பா? அதுதான் என் கேள்வி.

மூப்பர் ஐயா (பேர்ணாம்பட்டு) | ஞாயிறு, இரவு 10:15

தம்பி, நம்பியது தப்பே இல்லை. "யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்" என்று கலாத்தியர் 6:10 சொல்கிறது. அந்த "விசேஷமாக" என்ற சொல்லைத்தான் நீ செய்து காட்டினாய். பவுலே ஒநேசிமு என்ற அடிமைக்காக ஜாமீன் நின்றவர். "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதினார்.

ஆனால் கோர்ட்டுக்குப் போகாதே. "சகோதரனோடே சகோதரன் வழக்காடுகிறான், அவிசுவாசிகளுக்குமுன்பாகவும் அப்படிச் செய்கிறான்" என்று 1 கொரிந்தியர் 6இல் பவுல் வேதனைப்படுகிறார். தேர்தல், சொத்து என்று நம் லுத்தரன் சபைகள் ஏறிய கோர்ட் படிகள் போதாதா? ஊர் பார்த்துச் சிரித்தது. நம்மைப் போன்ற சிறு கூட்டம் ஒருவரை ஒருவர் நம்பாமல் பிழைக்க முடியாது. வேலூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்தான். நமக்கு ஆம்பூர், வாணியம்பாடி, சுற்றியுள்ள கிராமங்கள், அவ்வளவுதான்.

திருவண்ணாமலை டீச்சர் | திங்கள், காலை 6:05

மூப்பர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஆற்காடு லுத்தரன் சபை. டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். அதனால் இதைச் சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது.

"நாம் லுத்தரன்" என்றால் எந்த லுத்தரன் ஐயா? 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய வழியில் வந்தது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதிக்கு இடம் கொடுத்ததைப் பொறுக்காமல் வெளியே வந்தவர் கார்ல் ஓக்ஸ். அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய வேலையை டேனிஷ் மிஷன் ஏற்று நடத்த, அது வளர்ந்து எங்கள் ஆற்காடு லுத்தரன் சபை ஆனது. உங்கள் ஆம்பூர் சபையின் கதையும் அதேதான். வேதம் பிழையற்றதா என்ற விஷயத்தில் லைப்சிக்கை விட்டு விலகிய தியோடர் நேத்தரும் பிரான்ஸ் மோனும் அமெரிக்க லுத்தரன் சபையான மிசௌரி சினோடிடம் போனார்கள். 1895இல் கிருஷ்ணகிரியில் அந்த வேலை தொடங்கியது.

அதாவது, நம் இரண்டு சபைகளும் பிறந்ததே ஒரு லுத்தரன் இன்னொரு லுத்தரனைப் பார்த்து "இதை ஏற்க மாட்டேன்" என்று சொன்னதால். பெயரைப் பார்த்து நம்பியிருந்தால் ஓக்ஸ் சும்மா இருந்திருப்பார். சாதிக்குத் தனி இடம் வைத்த சபையும் லுத்தரன் சபைதானே? அவர் நம்பிய விசுவாச அறிக்கை வேறு, பெயர்ப்பலகை வேறு. தம்பியின் நண்பன் பெயர்ப்பலகையைத்தான் அடகு வைத்தான்.

இன்னொன்று. 1524இல் லூத்தர் வியாபாரத்தையும் வட்டியையும் பற்றி எழுதியதில் ஜாமீன் நிற்பதையே கண்டித்திருக்கிறார். தன் உயிரும் உடைமையும் நாளைக்குத் தன்னிடம் இருக்குமா என்றே ஒருவனுக்குத் தெரியாது, அப்படியிருக்க இன்னொருவனுக்காக எப்படி வாக்குக் கொடுப்பான், அப்படி நம்ப வேண்டியது கடவுளை மட்டும்தான் என்பது அவர் வாதம். உதவ நினைத்தால் கையில் இருப்பதைக் கொடு, திரும்பி வராவிட்டாலும் போகட்டும் என்று கொடு, ஜாமீன் நிற்காதே என்கிறார். லுத்தரன் என்று சொல்லி ஜாமீன் கேட்டவனுக்கு லூத்தரே கொடுத்த பதில் இது.

மூப்பர் ஐயா (பேர்ணாம்பட்டு) | திங்கள், காலை 7:30

டீச்சரம்மா, வரலாறு எனக்கும் தெரியும். சண்டை போட்டுப் பிரிந்த நேத்தர்தான் 1904இல் கிருஷ்ணகிரியில் பிளேக் நோயில் செத்தார், ஊரை விட்டு ஓடவில்லை. ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் வந்தது, யாரோ யாரையோ நம்பியதால்தான். பிரிவை மட்டும் எண்ணினால் எப்படி?

நீதிமொழிகள் 11:15இல் "அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்" என்றுதான் இருக்கிறது. அந்நியன் என்று போட்டிருக்கிறது, சகோதரன் என்று இல்லை.

கணக்குப்பிள்ளை (குடியாத்தம்) | திங்கள், மதியம் 1:20

வங்கியில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், வசனம் உங்களுக்கே தெரியும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரையில் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவனைக் கேளுங்கள்" என்று வங்கியிடம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கட்டினால், பிரிவு 145படி அந்தப் பணத்தை அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. கட்டிய ரசீது ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் சும்மா மட்டும் இருக்காதீர்கள், வட்டி ஏறிக்கொண்டே போகும்.

வேலூரில் ஒரு நாகர்கோவில்காரி | திங்கள், இரவு 8:50

டீச்சர் சொன்னது எனக்கு வலித்தது. பெயர்ப்பலகை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தபோது இந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. லாட்ஜ் வாடகையில் கையிருப்பு கரைந்தது. எங்கள் போதகர் ஐயா சபை முத்திரை குத்தி நாலு வரி கடிதம் கொடுத்திருந்தார், எங்கள் குடும்பம் சபையில் உள்ளது, உதவி செய்யுங்கள் என்று. அதைக் கொண்டுபோய் ஒரு லுத்தரன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த அம்மா கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார், மடித்து பைபிளுக்குள் வைத்தார், "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். முப்பத்தாறு நாள் அந்த வீட்டில் இருந்தோம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். நாங்கள் யார் என்று அவருக்கு அந்தத் தாளைத் தவிர வேறென்ன தெரியும்?

அந்த அம்மாவும் ஏமாந்திருக்கலாம். ஏமாறவில்லை என்பதால் மட்டும் அவர் செய்தது சரியாகிவிடுமா, டீச்சர்?

திருவண்ணாமலை டீச்சர் | திங்கள், இரவு 10:30

இல்லை மா. அவர் செய்தது எப்படி முடிந்திருந்தாலும் சரிதான். ஆனால் பார், அவர் கொடுத்தது தன்னிடம் இருந்த வீடு, தன்னிடம் இருந்த சோறு. லூத்தர் சொன்னதும் அதுதான். உங்களைப் பற்றிச் சொல்ல ஒரு போதகர் இருந்தார், பின்னால் ஒரு சபை இருந்தது. தம்பிக்குச் சொல்ல யார் இருந்தார்கள்? கேட்டவனே தனக்குச் சான்று சொன்னான். வேப்பமரத்தடியில், தனியாக.

மூப்பர் ஐயா, நீங்கள் காட்டிய வசனத்துக்குப் பதிலாக நீதிமொழிகள் 6ஐத் திறங்கள். "என் மகனே, நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு" என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்நியன் மட்டும் இல்லை.

தம்பியின் அம்மா சொன்ன எட்டாம் கட்டளைக்கும் வருகிறேன் (சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு அது ஒன்பதாம் கட்டளை, எங்கள் வகுப்பில் இதனால் எப்போதும் குழப்பம் வரும்). 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் லூத்தர் பிறனுக்காகப் பரிந்து பேசு, எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள் என்கிறார். உண்மை. ஆனால் அதற்கு முந்தின ஏழாம் கட்டளை (களவு செய்யாதே) விளக்கத்தில், பிறனுடைய பணத்தையும் பிழைப்பையும் காப்பாற்ற உதவு என்கிறார். அந்த ஏழாம் கட்டளையை ஒப்பிக்கும்படி தம்பியின் நண்பனிடம் யாரும் ஏன் சொல்லவில்லை? பாதிக்கப்பட்டவனுக்கு மட்டும் எட்டு, பணம் தராதவனுக்கு ஒன்றும் இல்லையா? பெரிய ஞானோபதேசத்திலோ, முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ என்ற மத்தேயு 18ஐத்தான் லூத்தர் வழியாகக் காட்டுகிறார். அவதூறு என்பது முதுகுக்குப் பின்னால் பேசுவது. நேரில் போய்க் கேட்பது அவதூறு ஆகாது.

பாலாற்றங்கரை (ஆம்பூர்) | செவ்வாய், காலை 5:50

டீச்சர் சொன்ன நீதிமொழிகள் 6ஐ விடியற்காலை எடுத்துப் படித்தேன். "நீ போய் உன்னைத் தாழ்த்தி, உன் சிநேகிதனை வருந்திக் கேட்டுக்கொள்" என்று அடுத்து வருகிறது. எட்டு மாதமாக நான் கோயில் வாசலில், போகிற போக்கில்தான் கேட்டிருக்கிறேன். அவன் வீட்டுப் படியேறி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, கடன்பட்டவன் நான் என்பது போல.

நாகர்கோவில் தங்கச்சி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். யாரையும் இனி நம்பக்கூடாது என்று நேற்று வரை நினைத்திருந்தேன். என் வீட்டுக்கு ஒருவன் கடிதத்தோடு வந்தால் சோறு போடுவேன். ஆனால் இனி பைக் சீட்டின் மேல் கையெழுத்து போட மாட்டேன். மூப்பர் ஐயா இதை ஏற்க மாட்டார் என்று தெரியும்.

மூப்பர் ஐயா (பேர்ணாம்பட்டு) | செவ்வாய், காலை 7:10

ஏற்கவில்லை தம்பி. என் வீட்டு வாசலில் சபைப்பிள்ளை ஒருவன் வந்து நின்றால் இன்றைக்கும் கையெழுத்து போடுவேன், படித்துப் பார்த்துவிட்டுப் போடுவேன். வழக்கு வேண்டாம் என்பதிலும் மாற்றம் இல்லை.

ஆனால் தனியாகப் பேசி ஆயிற்று, அடுத்தது சாட்சிகள்தான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு பஸ்ஸில் வந்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உங்கள் போதகரிடம் சொல்லிவை, அவரும் வரட்டும். நோட்டீஸையும் அவன் கட்டிய தவணைக் கணக்கையும் இரண்டு நகல் எடுத்து வா. கணக்குப்பிள்ளை, மாதம் எவ்வளவு கட்டினால் எத்தனை மாதத்தில் தீரும் என்று ஒரு தாளில் போட்டு அனுப்பும். அவன் கையால் அதில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அந்த வீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.