மறு: கோசே பியர் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'உப்பு பியர்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கோசே ஜெர்மனியில் பிறந்த புளிப்பு பியர் வகை. அதில் உப்பு சேர்ப்பது உண்மைதான். ஆனால் அந்நாட்டு லைப்சிக் நகரத்துக் கோசேயை ஒரு வாய் குடித்தால் முதலில் தெரிவது லாக்டிக் அமிலப் புளிப்பு. நம் மோரில் இருக்கிற அதே அமிலம். அடுத்து கொத்தமல்லி விதையின் வாசம். உப்பு கரிக்காது. புளிப்பின் கூர்மையைத் தணித்து, விழுங்கிய பிறகும் சுவையை நாக்கில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. அதை மட்டும் பெயராக்கினால் பாதிச் செய்தி போய்விடும்.

> 'புளித்த பியர்'?

இதுவும் வேண்டாம் அம்மா. சாம்பார் புளித்துப்போச்சு என்றால் கொட்ட வேண்டியதுதான் என்று பொருள். இங்கே புளிப்பு வேண்டுமென்றே வரவழைத்தது.

என் பரிந்துரை: உவர்புளிப்பு பியர். நடுவில் 'ப்' போட வேண்டாம். உம்மைத்தொகையாகக் கொண்டாலும் வினைத்தொகையாகக் கொண்டாலும் வல்லினம் மிகாது. 'உவர்புளி' என்று சுருக்கவும் கூடாது. புளியங்காய் நினைவுக்கு வந்துவிடும்.

இது வகைப்பெயர் மட்டுமே. கடல் உப்போ வெள்ளரிக்காயோ சேர்த்து இன்று அமெரிக்காவில் காய்ச்சுகிற கிராஃப்ட் (சிற்றாலை) பியர்களும் இதில் அடங்கும். 'கோசே'யை மொழிபெயர்க்கக் கூடாது. அது ஜெர்மனியின் கோஸ்லார் ஊர் வழியே ஓடும் ஆற்றின் பெயர். அங்கே பிறந்த பியர் 18-ஆம் நூற்றாண்டில் லைப்சிக்குக்குப் போய் அந்த நகரத்தின் பியராகவே ஆகிவிட்டது. 1966-இல் கடைசி ஆலையும் நின்றுபோனது. 1980-களில் லோத்தர் கோல்டான் என்பவர் அதை மீட்க முனைந்தபோது, முன்பு குடித்துப் பழகியவர்களிடம் சுவை எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் பக்குவத்தைப் பிடித்தார். 1986-இல் கோசே திரும்ப வந்தது. அழிவிலிருந்து மீண்ட பெயரை நாம் மாற்றுவது நியாயமில்லை.

> 'கெட்டில் சவரிங்' = கெண்டிப் புளிப்பு?

கெண்டி மூக்குள்ள சிறு பாத்திரம். கெட்டில் சவரிங் என்பது பியருக்குப் புளிப்பேற்றும் ஒரு முறை. இங்கே 'கெட்டில்' என்று பேசுவது ஆலையின் பெரிய கொதிகலனைப் பற்றி. அதைவிட, பாத்திரத்தை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். முளைதானியத்தை ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றில் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவைச் சேர்த்து, 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓரிரு நாள் வைப்பார்கள். வேண்டிய புளிப்பு ஏறியதும் கொதிக்கவிடுவார்கள். பாக்டீரியா செத்து, புளிப்பு அந்த அளவில் நின்றுவிடும். ஈஸ்ட் சேர்ப்பது அதன் பிறகுதான். ஆக, நொதிக்கும் முன்பே புளிப்பேற்றுகிறோம். 'முன்புளிப்பேற்றம்' என்றால் செயல்முறையே பெயரில் வந்துவிடும். ஈஸ்ட் நொதிக்கும்போதோ அதற்குப் பிறகு பீப்பாயிலோ மெல்ல ஏறுகிற புளிப்புக்குப் 'பின்புளிப்பேற்றம்' என்று இணைச்சொல்லும் கிடைக்கும்.

உவர்புளிப்பு பியர், முன்புளிப்பேற்றம், பின்புளிப்பேற்றம் ஆகிய மூன்றில் யாருக்காவது மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.