திரி: கிராஃபிக்ஸ் தாளும் பெண்களும் – மூளையா, பழக்கமா?

கருங்குயில்:
வேறொரு திரியில் ஒருவர் "இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் (பொறியியல் படிப்பின் வரைபடத் தாள்) பெண்கள் தடுமாறுவது இயற்கை, முப்பரிமாணக் கற்பனை ஆண் மூளைக்குத்தான் வரும்" என்று எழுதிவிட்டுப் போனார். மேகாலயப் பக்கம் நடந்த ஆய்வை அவர் பார்க்கட்டும். அங்குள்ள காசி (Khasi) பழங்குடி மக்களிடம் சொத்து கடைக்குட்டி மகளுக்குப் போகிறது. அருகிலேயே வாழும் கார்பி மக்களிடம் மகனுக்கு. இரு தரப்பிலும் சேர்த்து 1,200க்கு மேற்பட்டவர்களிடம் நான்கு துண்டுப் புதிர் ஒன்றைக் கொடுத்து, அடுக்கி முடிக்கும் நேரத்தை அளந்தார்கள். வெளியானது 2011ல். கார்பிப் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. காசி மக்களிடம் அந்த இடைவெளியே காணோம். சொத்து கைமாறினால் மூளையும் மாறிவிடுமா சார்?

தராசுமுள்:
அந்த ஆய்வை எல்லாரும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தலை எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டலாம், ஒப்பிடப்படும் சமூகங்கள் இரண்டே இரண்டு. இரண்டுக்கும் நடுவே சொத்துரிமை தவிர இன்னும் எத்தனையோ வேறுபாடு இருக்கும். இரு சாராருக்கும் மரபணுப் பின்னணி ஒன்றே என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் காசி மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், கார்பி திபெத்திய-பர்மியக் குடும்பம். வந்த வழியே வேறாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டாமா?

தவிர, நான்கு துண்டை மேசையில் அடுக்குவதும் ஓர் உருவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதும் ஒன்றல்ல. அதற்கென்று 1978லிருந்து தனித் தேர்வு இருக்கிறது. சிறு கனசதுரக் கட்டைகளை ஒட்டிச் செய்த கோணல் உருவம் ஒன்று, பக்கத்தில் நான்கு படங்கள். அவற்றில் இரண்டுதான் அதே உருவம், மற்றவை ஏமாற்று. இரண்டையும் சரியாகச் சொன்னால்தான் மதிப்பெண். இதில் ஆண்–பெண் இடைவெளி சுமார் 0.9 திட்டவிலக்கம். அதாவது, குருட்டாம்போக்கில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்து 100 முறை மோதவிட்டால், 74 முறை ஆண் முந்துவார். உளவியலில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். 2008ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் 3 முதல் 5 மாதக் குழந்தைகளிடமே இதன் சாயல் தெரிந்தது. அந்தக் குழந்தைக்கு யார் லெகோ வாங்கிக் கொடுத்தார்கள்?

கருங்குயில்:
அந்த 74 கடிகாரத்தோடு சேர்ந்த 74. இப்போது புழங்கும் வடிவத்தில் 12 கேள்விக்கு 3 நிமிடம், சற்று இடைவெளி, மறுபடி 12 கேள்விக்கு 3 நிமிடம். ஒரு கேள்விக்கு 15 நொடி. நான்கு படத்தையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பவர் கடைசிக் கேள்விகளைத் தொடவே மாட்டார். தொடாததற்கும் சுழியம், தப்புக்கும் சுழியம். நேர வரம்பை எடுத்துவிட்டால் இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அப்படியானால் பாதி அளவு திறனைக் காட்டவில்லை. "போதும், அடுத்ததுக்குப் போ" என்கிற துணிச்சலைக் காட்டுகிறது. அந்தத் துணிச்சல் யாருக்கு ஊட்டி வளர்க்கப்படுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை ஆய்வுகளில் அளந்தது ஒரு படத்தைக் குழந்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது என்பதை. அதிலிருந்து கிராஃபிக்ஸ் தாள் வரை பாலம் கட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

தராசுமுள்:
பாதி குறைந்தால் மீதிப் பாதி இருக்கிறதே! 74 போய் 64 ஆகும், 50 ஆகவில்லை. ஊட்டி வளர்ப்பது என்றதும் அடுத்து "பெண்களுக்கு வராது என்று சொன்னாலே மதிப்பெண் விழும்" என்ற 1999 ஆய்வு வரும் என்று தெரியும். நெதர்லாந்தில் 2,000க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம், முறையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, கணக்குத் தேர்வில் சோதித்தார்கள். 2018ல் முடிவு வந்தது. விளைவு இல்லை.

கருங்குயில்:
தேர்வுக்கு 5 நிமிடம் முன்பு சொல்லும் ஒரு வாக்கியம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். 15 வருடம் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டாலே "வை கீழே" என்பது அந்தச் சோதனைக்குள் வராது.

மட்டக்கோல்:
நீங்கள் இருவரும் இடைவெளியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தாளில் தேறுவதற்கு இடைவெளி எதற்கு? ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டினால் போதும். அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷெரில் சோர்பி 1993ல் தொடங்கிய முப்பரிமாணக் கற்பனைப் பயிற்சி அந்தக் கணக்கில்தான் ஓடியது. முதலாண்டில் 30 கேள்வி, 20 நிமிடத் தேர்வு. 60 விழுக்காட்டை எட்டாதவர்களுக்குத் தனி வகுப்பு. பெண்களில் எட்டாதவர்களின் விகிதம் ஆண்களில் இருந்ததைப்போல் மூன்று மடங்கு இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தவர்கள் கிராஃபிக்ஸில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், பெண்கள் படிப்பை விட்டுப் போவதும் குறைந்தது.

தராசுமுள்:
பல ஆண்டுகள் அது விருப்பப்பட்டவர் சேரும் வகுப்பு. முனைப்பு உள்ளவர்தானே சேர்வார்? 2013ல் 217 ஆய்வுகளைத் தொகுத்தபோது பயிற்சி நன்றாகவே பலன் தருகிறது என்று வந்தது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

மட்டக்கோல்:
முனைப்பு பற்றிய ஐயம் நியாயம். ஒரே அளவு ஏறினால் இருவருமே அந்த 60ஐத் தாண்டலாம், எனக்கு அது போதும்.

சுக்குக்காபி:
அக்கப்போரை நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று சொல்லுங்கள். தங்கைக்கு நவம்பரில் தேர்வு. சாஃப்ட்வேரில் உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள், தாளில் ஒன்றும் வரவில்லை.

மட்டக்கோல்:
வராது. திருப்பும் வேலையைக் கணினி செய்துவிடுகிறது, கண் வேடிக்கை மட்டும் பார்க்கிறது. சோர்பி குழுவும் கையால் வரைவதைத்தான் வலியுறுத்தியது.

ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கனசதுரக் கட்டைகள் 6 எடுத்து ஒரு கோணல் உருவம் செய்யச் சொல்லுங்கள். ஐசோமெட்ரிக் புள்ளித் தாளில் (முப்பரிமாணத் தோற்றத்தை வரைய வாகாகப் புள்ளி வைத்த தாள்) அதை வரையட்டும். பிறகு உருவத்தைத் தொடாமல், ஒரே அச்சில் 90 பாகை திருப்பினால் எப்படி இருக்கும் என்று முதலில் வரைந்துவிட்டு, அதன் பிறகே கையால் திருப்பி ஒத்துப்பார்க்க வேண்டும். திருப்பிவிட்டு வரைந்தால் பயிற்சியே இல்லை. ஓர் அச்சு பழகும் முன் இரண்டாவதைத் தொடக் கூடாது. முதலில் கிடை அச்சு, பிறகு நிலை அச்சு என்று திருப்பினால் ஒரு நிலை. வரிசையை மாற்றினால் வேறு நிலை. பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான், இதில் ஆண் பெண் கிடையாது.

இன்னொன்று. ஓர் உருவத்தின் பார்வைகளைத் தாளில் அடுக்கும் முறை நம் தேர்வில் முதற்கோண வீழல் (first-angle projection). மேற்பார்வை முன்பார்வைக்குக் கீழே வரும். அமெரிக்கப் புத்தகம், யூடியூப் பார்த்துப் பழகினால் மூன்றாங்கோணம். மேற்பார்வை மேலே போய்விடும். உருவம் முழுக்கப் புரிந்தும் மதிப்பெண் போவது இப்படி.

கருங்குயில்:
அந்தக் கட்டைகள் கடையில் எந்தப் பக்கத்து அலமாரியில் இருக்கும் என்று பாருங்கள் சுக்குக்காபி. கார், துப்பாக்கி இருக்கும் பக்கம்.

தராசுமுள்:
வாங்குகிறவர் எந்தப் பக்கம் போனாலும் விலை ஒன்றுதான். தங்கைக்கு வாங்கிக் கொடுங்கள், வாழ்த்துகள். 64 பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.