ஆட்டுக்கறியை வீட்டில் வைத்துப் பார்த்த மூவரின் அனுபவங்கள்

பக்ரீத் அன்று எங்கள் மேலப்பாளையம் வீட்டுக்குப் பகல் முழுக்கக் கறி வந்துகொண்டே இருக்கும். எங்கள் குர்பானி ஆட்டில் பங்கு பிரித்தது போக, மாமி வீட்டிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து என்று பை பையாகச் சேரும். எல்லாம் சற்று முன் அறுத்தது. கையில் வாங்கும்போதே சூடு தெரியும். அதைப் பையோடு ஃப்ரீசரில் திணிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. வெளிப்பக்கம் உறைந்துவிடும், நடுவில் வெகுநேரம் சூடு தங்கும். உறவினர் ஒருவர் வீட்டில் அப்படி வைத்த பெரிய கட்டியைப் பிரித்தபோது நடுக்கறி பச்சை நிறம் தட்டி நாறியது. அத்தனையும் குப்பைக்குப் போனது. குர்பானிக் கறி என்பதால் வீட்டில் எல்லோருக்கும் மனசு ஆறவில்லை.

உம்மா பை வந்ததும் பிரித்துவிடுவார். 2024-லும் 2025-லும் பக்ரீத் ஜூனில் வந்தது, திருநெல்வேலி வெயில் தெரியுமே. 32 டிகிரிக்கு மேல் போனால் பச்சைக்கறி வெளியே ஒரு மணி நேரம்தான் தாங்கும். தொடைக்கறி, நெஞ்செலும்பு எல்லாவற்றையும் கழுவாமல் அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பார். ரத்தம் சொட்டினாலும் வேறு சாப்பாட்டில் விழாது. மறுநாள் அரைக்கிலோ பொட்டலங்களாகத் தட்டையாகக் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசருக்கு மாற்றுவார். அறுத்த சூட்டோடு உறைய வைத்த கறி சுருங்கி, வெந்தாலும் ரப்பராக இழுக்கும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்த கறி மெத்தென்று வேகும். ஈரல், குடல், கொத்துக்கறி மூன்றையும் நாள்கணக்கில் வைப்பதே கிடையாது, அன்றோ மறுநாளோ சமைத்துவிடுவோம். உறைந்ததை எடுக்கும்போது முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவோம். மேடையில் வைத்து உருக்கும் பழக்கம் இல்லை.

* * *

நாங்கள் சென்னை பள்ளிக்கரணை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறி ஃப்ரீசரில் நிறைய இருந்தது. பிள்ளைகள் அடிக்கடி திறந்துவிடக் கூடாது என்று கதவில் டேப் ஒட்டிவிட்டேன். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் குளிர் நிற்கும், பாதி நிரம்பியதென்றால் ஒரு நாள். மறுநாள் மாலை திறந்தபோது கறியில் பனித்துகள் இருந்தது. உடனே மொத்தத்தையும் குழம்பு வைத்து மாடி வீட்டுக்காரர்களோடு சாப்பிட்டோம். கீழே ஃப்ரிட்ஜில் இருந்த ஈரலை மட்டும் கொட்டினோம். வாடை ஒன்றும் வரவில்லைதான், ஆனால் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜுக்கு நான்கு மணி நேரம்தான் கணக்கு. கெடுதல் செய்யும் கிருமிகள் எப்போதும் நாற்றம் காட்டுவதில்லை, அதனால் மூக்கை நான் நம்புவதில்லை.

* * *

சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது. மிஞ்சிய கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, பங்குனி சித்திரை வெயிலில் கல்லுமாதிரி காயும்வரை தொங்கவிடுவார். உப்புக்கண்டம் உள்ளே கொஞ்சம் நெகிழ்ந்தாலும் பானையில் போட விடமாட்டார், திரும்ப வெயிலுக்குப் போகும். ஐப்பசி கார்த்திகையில் அதைப் போடவே மாட்டார். அப்போது வாங்குவது அன்றைக்குச் சட்டியில் போடும் கறி மட்டும்தான்.