ஆட்டோகிராஸுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: மியாட்டாவா, 944-ஆ, எம்ஆர்2-வா?

இரண்டாம்கியர்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாகக் குடும்பக் காரிலேயே ஆட்டோகிராஸ், அதாவது கோன் வைத்த பாதையில் நேரம் கணக்கிடும் போட்டி, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோன்களுக்கு நடுவே ஓடும் அந்த ஒரு நிமிடம் வாரம் முழுக்க மனதிலேயே நிற்கிறது. இனி இதற்கென்றே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன். மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 1992 மாஸ்டா மியாட்டா 1.6, 1987 போர்ஷே 944, 1991 டொயோட்டா எம்ஆர்2.

944-ஐப் பார்த்ததிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பெயின்ட் பளபளக்கிறது, ஓடிய தூரமும் குறைவு. மியாட்டாவின் பெயின்ட் வெளுத்துவிட்டது, மேல் துணியும் கிழிந்திருக்கிறது. ஆனால் அதை வைத்திருந்தவர் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறார். போட்டிக்கு இதிலேயே போய், இதிலேயே திரும்ப வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், எஞ்சினைப் பிரித்ததில்லை. எதை எடுக்கலாம்?

நடுஎஞ்சின்:
எம்ஆர்2-வை இரண்டு சீசன் ஓட்டினேன், இன்றும் அதன் மேல் ஆசைதான். ஆனாலும் முதல் காராக வேண்டாம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், ஸ்லாலமில் (கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும்போது) பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். பின்னால் வந்த மாடல்களில் டொயோட்டா சஸ்பென்ஷனை மாற்றி இதைத் தணித்தது. நீங்கள் பார்த்திருப்பது அதற்கு முந்தையது.

பழையபோல்ட்:
தம்பி, நோட்டு வைத்திருக்கும் காரைப் போய்ப் பாருங்கள்.

நான் முதலில் வாங்கிய பழைய கூபேயை பெயின்ட்டைப் பார்த்துத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்தபோது அந்த இடமே உள்ளே போய்விட்டது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடித்தகடு முழுக்கத் துரு. அந்த சீசன் முழுவதும் வெல்டிங்கிலேயே போனது, ஒரு ரன்கூட ஓட்டவில்லை. அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதலில் தரையில் படுத்துவிடுவேன். தேய்ந்த ஷாக், புஷ், பிரேக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். உடம்பு துருப்பிடித்தால் மீட்பது பெரும்பாடு.

944 அருமையான வண்டி, மறுக்கவே மாட்டேன். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. ஆனால் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். குறைவாக ஓடியது என்பதால் பெல்ட் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும்வரை அதை ஓட்டவே கூடாது. கிளட்ச் மாற்றவும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பழகாதவருக்கு அது பாரம்.

மியாட்டா 1.6-ல் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான், வால்வு தப்பிக்கும். 1992 என்பதும் நல்லதே. 1990-லும் 1991 தொடக்கத்திலும் வந்தவற்றில் கிராங்க் (எஞ்சினின் முக்கியத் தண்டு) முனை குட்டை. புல்லி போல்ட் தளர்ந்தால் அந்த முனையே தேய்ந்து கெட்டுவிடும். எடை சுமார் 1,000 கிலோதான். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிகிற ஓட்டத்தில் குதிரைத்திறனைவிட இந்த லேசான உடம்புதான் கைகொடுக்கும்.

அந்தக் கிழிந்த துணிதான் எனக்குக் கவலை. மேல்துணியில் விழும் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால், இரண்டு மூலையிலும் உள்ள வடிகால் ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டும். அதில் சருகு அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் சில்லுக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் விரலால் அழுத்திப் பாருங்கள், தட்டியும் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கைப் பாருங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும், அசையாமல் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் போட்டிக்கு முந்தைய சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய், மேல்துணியை மூடி, மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும்.

வாங்கிய பிறகு முதல் செலவு டயர். பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் பிடிக்காது.

இரண்டாம்கியர்:
போய்ப் பார்த்தேன், ஐயா. வலது வடிகால் அடைத்துத்தான் இருந்தது, ஆனால் சில் இரண்டும் கெட்டியாக இருக்கின்றன. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அருகருகே வந்தது. முன்பணம் கொடுத்துவிட்டேன்! ஒரு பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதில் இல்லை, போட்டுவிடலாமா?

பழையபோல்ட்:
சந்தோஷம் தம்பி! அதை இந்த சீசன் தொடாதீர்கள். இறுக்கமான வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் வெறுமனே சுற்றினால், நீங்கள் ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே மிதித்துப் பழகுங்கள். மேலும், எந்த மாற்றம் உங்களை எந்தப் பிரிவுக்குத் தள்ளும் என்று விதிப்புத்தகத்தில் பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம். அலைன்மென்ட் மட்டும் செய்யுங்கள். இந்த வண்டியில் நான்கு சக்கரத்திலும் கேம்பரை (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), இருக்கிற போல்ட்டிலேயே திருப்பி வைக்கலாம். அந்த வடிகாலை இன்றே சுத்தம் செய்துவிடுங்கள்.