ரப்பர் கலந்தும் உடைஞ்ச துண்டு: உங்க அனுபவம் சொல்லுங்க

நைலான்காரன்:
பிளாஸ்டிக் அடி தாங்கறதுக்குத்தான் ரப்பர் கலக்கறோம். ஐசாட் டெஸ்ட் (வெட்டுவாய் போட்ட துண்டை ஊசல் சுத்தியலால அடிச்சுப் பார்க்கிறது) எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். நைலான் 6-ல 20 சதவீதம் ஈபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர், ரெண்டு கலவை. ஒண்ணுல சாதா ரப்பர், இன்னொண்ணுல மலேயிக் அன்ஹைட்ரைடுங்கிற வேதிப்பொருளை சங்கிலியில ஏத்தின ரப்பர். சாதா ரப்பர் துண்டு வெறும் நைலான் மாதிரியே டக்குனு ரெண்டாச்சு. மத்தது உடையவே இல்ல. வெட்டுவாயைச் சுத்தி பால் வெள்ளையாகி மடங்கி நின்னுது. தொட்டா வெதுவெதுப்பு! அடியோட சக்தி அந்த இடத்துலயே சூடா மாறியிருக்கு. அதே எடை ரப்பர்தானே ரெண்டுலயும்? அன்ஹைட்ரைடு நைலான் சங்கிலியோட அமீன் முனையில பிடிச்சுக்கிறதால ரப்பர் துகள் ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ பொடியுது. துகள் பொடிஞ்சா துகளுக்குத் துகள் இடைவெளியும் குறையும். அந்த இடைவெளி சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழ போனாத்தான் நைலான் 66 (நைலான் 6-க்கு நெருங்கின வகை) அடி தாங்கும்னு 1985-லயே சௌஹெங் வூங்கிற ஆராய்ச்சியாளர் காட்டிட்டார். படிச்சிருந்தேன், ஆனா கையில பார்க்கிறது வேற அனுபவம்.

ஹிப்ஸ்_ஷீட்:
துகள் பொடியா இருந்தா நல்லதுன்னு பொதுவா சொல்லிடாதீங்க சார். பாலிஸ்டைரீனுக்கு அது நேர் எதிர். ஹிப்ஸ்ல (ரப்பர் கலந்த பாலிஸ்டைரீன்) துகள் ஒரு மைக்ரானுக்கு மேல இருக்கணும், ரொம்ப பொடிசானா பிரயோஜனம் இல்ல. அங்க வேலை செய்யறது கிரேஸ், அதாவது ரெண்டு பக்கத்தையும் நாரிழை பிடிச்சு வச்சிருக்கிற மெல்லிய விரிசல். துகளோட இடுப்புல கிளம்பி, அடுத்த துகள்ல போய் நிக்கும். ஃப்ரிட்ஜ் லைனர் ஷீட்டை மடக்கினா வெளுக்குதே, அதுதான். வேற லாட் ஷீட் ஒண்ணு வெளுக்காமலே கிழிஞ்சப்போ எனக்கு உடனே உறைச்சது, ரப்பர் பக்கம்தான் கோளாறுன்னு.

பேனல்_பழனி:
என்னோடது சின்னது. வெயில்ல கிடந்த பெயின்ட் அடிக்காத ஏபிஎஸ் (பாலிபியூட்டடீன் ரப்பர் கலந்த பிளாஸ்டிக்) பேனல், கையால வளைச்சதும் சடக்குனு போச்சு. உடைஞ்ச முகத்துல மேல மெல்லிசா மஞ்சள், உள்ள புதுசு மாதிரி வெள்ளை.
எல்லாரும் துகள் அளவையே பேசறீங்க, ரப்பர் உயிரோட இருக்கான்னும் பாருங்க. பாலிபியூட்டடீன்ல இரட்டைப் பிணைப்பு இருக்கு. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் அதைத்தான் முதல்ல தின்னும். மேல்தோல் கெட்டா விரிசல் அங்க பிறந்து உள்ள பாயும். வெளியில வைக்கிற சாமானுக்கு ஏபிஎஸ் மாதிரியே இருக்கிற ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் போடுங்க, அதுல அந்த இரட்டைப் பிணைப்பு இல்லாத அக்ரிலேட் ரப்பர். இல்லன்னா பெயின்ட் அடிங்க. மெஷின் பேரல்ல (பிளாஸ்டிக் உருகற குழாய்) ஏபிஎஸ்ஸை அதிக சூட்டுல தேக்கி வைக்காதீங்க. ரீகிரைண்ட் (அரைச்ச பழைய பிளாஸ்டிக்) கலந்தா ஒவ்வொரு லாட்டையும் அடிச்சுப் பாருங்க.

நைலான்காரன்:
பழனி அண்ணே, என் துண்டு வெயிலே பார்க்கல. ஹிப்ஸ் சொன்னது சரி, நான் நைலானுக்கு மட்டும்தான் சொன்னேன். மைனஸ் 40 டிகிரி குளிர்ல இதே கலவையை அடிச்சவங்க யாராவது இருக்கீங்களா? அப்பவும் வெளுத்துச்சா?